மரத்தடியில் உட்கார்ந்தால் மனசு சரியாகுமா? டர்பன் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

மூர்ட்டன்_மல்லி | 4 மே 2024, இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 53. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் பள்ளி ஆசிரியை. போன செப்டம்பரில் அம்மா தவறிப்போனார். அதிலிருந்து தூக்கம் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் ஐந்து மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வகுப்பில் ஒரு பையன் பென்சிலைத் தவற விட்டால்கூட எனக்கு அழுகை வருகிறது.

மகள் பிடிவாதம் பிடித்து ஓர் ஆலோசகரிடம் கூட்டிப்போனாள். நன்றாகத்தான் பேசினார். எழுந்து வரும்போது, "வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மரங்களுக்கு நடுவே இருங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்துச் சீட்டில் எழுத வேண்டியதை வாயால் சொல்லி அனுப்புகிறாரே என்று கோபமும் வந்தது.

சில்வர்கிளென் காட்டுக்கு என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம்தான். முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், பள்ளிப் பிள்ளைகளோடு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? யாராவது செய்து பார்த்தீர்களா? ஒரு பெண் தனியாகப் போகலாமா?

நைட்டூட்டி_நர்ஸ் | 5 மே 2024, காலை 7.10

அக்கா, டூட்டி முடிந்து மரிட்ஸ்பர்க் டாக்ஸியில் உட்கார்ந்து எழுதுகிறேன், தட்டச்சுப் பிழைக்கு டிரைவர்தான் பொறுப்பு.

முதலில், அம்மாவுக்காக வருந்துகிறேன்.

அந்த "இரண்டு மணி நேரம்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2019-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டுப் பார்த்த ஆய்வு அது. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று வெளியே இருந்தவர்களில், உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் கூடுதலாக இருந்தார்கள். அதற்குக் குறைவாகப் போனவர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே மூச்சில் போனாலும் துண்டு துண்டாகப் போனாலும் கணக்கு ஒன்றுதான். ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனால் இன்னும் கூடுமா என்றால், அதுவும் இல்லை.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்னவோ! மனசு உடைந்தவர் வீட்டுக் கதவையே திறப்பதில்லையே. அந்த ஆய்வு செய்தவர்களே இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது வேறொன்று. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் 38 பேரை எடுத்து, பாதிப் பேரை ஓக் மரமும் புல்லும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடக்க விட்டார்கள், மீதிப் பேரைப் பரபரப்பான நெடுஞ்சாலை ஓரமாக. போகும் முன்பும் வந்த பின்பும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். மரத்தடியில் நடந்தவர்களிடம், பழசையே அசைபோட்டுத் தன்னைத் தானே நொந்துகொள்கிற அந்தப் பழக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. அதோடு சேர்ந்து வேலை செய்கிற மூளைப் பகுதியும் அடங்கியிருந்தது. ரோட்டோரம் நடந்தவர்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. நடை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், இடம்தான் வேறு.

38 பேர் என்பது சின்னக் கணக்கு. அதையும் மறக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் செய்வது அந்த அசைபோடுதல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. போய்ப் பாருங்கள். மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பீனிக்ஸ்காரன் | 5 மே 2024, காலை 9.33

மன்னிக்கணும், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன்.

இந்தக் காடு, மலை, நடை எல்லாம் நாயும் நல்ல ஷூவும் வைத்திருப்பவர்கள் சமாசாரம். மூன்று வருடம் முன்னால் இதே மாதிரி யாரோ சொல்லக் கேட்டு, ஆற்றோரப் பாதை ஒன்றில் காலையில் நடக்கப் போனேன். இரண்டாவது வாரம் இரண்டு பேர் புதரிலிருந்து வந்தார்கள். போன், கைக்கடிகாரம், போட்டிருந்த ஷூ. கத்தி இருந்தது. வெறுங்காலோடு வீடு வந்தேன்.

இன்றைக்கும் இலை சலசலத்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உங்கள் ஸ்டான்ஃபோர்டு மிஷினில் என் தலையை வைத்தால் மிஷின் வெடித்துவிடும்.

விளக்குக் கம்பம் பூராவும் தேர்தல் போஸ்டர் தொங்குகிறது. விளக்கு மட்டும் எரியவில்லை. முதலில் அது எரியட்டும், அப்புறம் மரத்தைப் பார்க்கலாம்.

அக்கா, தனியாகப் போகாதீர்கள். அவ்வளவுதான் என் ஆய்வு.

நைட்டூட்டி_நர்ஸ் | 5 மே 2024, காலை 9.50

தம்பி, நீங்கள் சொன்னதும் கணக்கில் சேர வேண்டியதுதான். பயந்துகொண்டே நடந்தால் அது ஓய்வு ஆகாது, காவல் காக்கிற வேலை.

மடும்பித்_தாத்தா | 5 மே 2024, பிற்பகல் 3.15

பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்கிறேன். எனக்கு 81.

மரம், செடி எல்லாம் வெள்ளைக்காரன் விவகாரம் என்பது போல இங்கே ஒரு பேச்சு வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இவனைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள். மண்ணில் வேலை செய்வது அவர்களுக்கு இன்பம் இல்லை, தண்டனை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் பாதிப்பேர் என்ன செய்தார்கள்? கால் ஏக்கர், அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து அதே மண்ணில்தான் கத்தரி போட்டார்கள். கசந்த மண்ணைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டார்கள்.

எங்கள் அப்பாவுக்கு கிளேர்வுட் பக்கம் தோட்டம் இருந்தது. கீரை, பீன்ஸ், சுரைக்காய், மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு. விடியாத நேரத்தில் வண்டியில் ஏற்றி வார்விக் மார்க்கெட்டுக்குப் போவோம். அம்மா கையில் எப்போதும் கொத்தமல்லி வாசனை. அப்புறம் குரூப் ஏரியா சட்டம், எந்த இனத்தான் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த சட்டம். 1950-இல் போட்டார்கள், எங்கள் வாசலுக்கு வந்து சேர அறுபதுகள் ஆயிற்று. லாரியில் சாமானை ஏற்றி சாட்ஸ்வர்த்தில் ஒரு சிமெண்டுப் பெட்டியில் இறக்கினார்கள். சுவர் பக்கத்து வீட்டுக்காரனோடு பொது. முற்றம் நாலு பாய் விரிக்கிற அகலம், அதுவும் சரிவு, செம்மண், கல்.

அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, கோபம் இல்லை. சும்மா பின்படியில் உட்கார்ந்து அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது எங்களுக்கு மனச்சோர்வு என்கிற வார்த்தை தெரியாது. "அவருக்கு மண் விட்டுப்போச்சு" என்று ஆயா சொல்வாள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் பழைய தகரத்தையும் கல்லையும் வைத்து அந்தச் சரிவைப் படிப்படியாகக் கட்ட ஆரம்பித்தார். மூன்று படி. முதல் படியில் வெங்காயத்தாள், இரண்டாவதில் மிளகாய், கீழே மடும்பி. முருங்கை ஒரு மூலையில். மழைக்காலத்தில் மடும்பி இலை வந்ததும் என் அம்மாவைக் கூப்பிட்டு, "இதைப் பார்" என்றார். அந்த வீட்டில் அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மல்லி மகளே, காட்டுக்குப் போக முடிந்தால் போ. முடியாவிட்டால் உன் வீட்டுப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்.

சென்டூரியன்_நெல்லைக்காரன் | 5 மே 2024, மாலை 6.02

தாத்தா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம், வேலைக்காகப் பிரிட்டோரியா அருகே வந்து ஆறு வருடம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கொரோனா காலத்தில் எனக்கும் ஒரு மோசமான கட்டம் வந்தது, அதைப் பற்றி இன்னொரு நாள். அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோகன்னஸ்பர்க் தெற்கே கிளிப்ரிவியர்ஸ்பர்க் காப்புக்காட்டுக்கு நாலைந்து பேராகப் போக ஆரம்பித்தோம். வரிக்குதிரை மேய்கிறது, பின்னால் நகரம் தெரிகிறது. மேலே ஏறி நின்றால் காற்று மட்டும்தான்.

எங்கள் கூட்டத்தில் மனநலம் படிக்கிற பெண் ஒருவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. கப்ளான் என்று ஒரு கணவன் மனைவி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள், இதை ஒரு கோட்பாடாகவே சொன்னார்களாம். நம் கவனம் இரண்டு வகை. ஒன்று, நாமே பிடித்து இழுத்து நிறுத்துகிற கவனம். மெயில், கணக்கு, வண்டி ஓட்டுவது, ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) நிற்கும்போது கண்ணாடியைத் தட்டுபவன் யார் என்று பார்ப்பது. இது களைத்துப்போகும். களைத்தால் எரிச்சல், மறதி, சின்னதுக்கெல்லாம் அழுகை. இன்னொன்று, தானாகப் போகிற கவனம். மேகம், அலை, இலை ஆடுவது. பார்க்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, பார்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. அந்த நேரத்தில் முதல் வகைக் கவனம் படுத்து எழுந்துகொள்கிறது.

பீனிக்ஸ் அண்ணாவுக்கு ஏன் அது வேலை செய்யவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. புதரை முறைத்துக்கொண்டே நடந்தால் முதல் வகைக்கு ஓவர்டைம்தான்.

ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் விடிகாலை ஐந்து மணிக்கு ஹடெடா பறவை கத்துகிற கத்தலும் இயற்கைதானே? அதற்கு எந்த ஆய்வு?

வலைக்காரர்_பேரன் | 5 மே 2024, இரவு 8.41

ஹடெடாவை ஆராய்ந்தவன் காது போயிருக்கும், அதனால் எழுதவில்லை.

எல்லோரும் மரம் மரம் என்கிறீர்கள். டர்பன்காரனுக்குக் கடல் இருக்கிறதே! எங்கள் தாத்தா வலை போட்டவர். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் வரும்போது ஊரே வாளியோடு கரைக்கு ஓடும். ஆனால் நிறவெறி ஆட்சிக் காலத்தில் அதே கடற்கரையில் நமக்கென்று ஒதுக்கிய துண்டில்தான் கால் நனைக்க முடிந்தது. 1989 நவம்பரில்தான் எல்லாக் கடற்கரையும் எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள். என் அம்மாவுக்கு இன்னும் நார்த் பீச்சில் உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். "எங்களுக்குப் பழக்கமில்லை" என்று நம்மவர்கள் சொல்வதில் பாதி இந்தக் கதைதான். பழக்கமாக விட்டால்தானே?

மாமா ஒருவர். தொழிற்சாலை மூடி வேலை போனது. வீட்டில் திரைச்சீலையைக்கூடத் திறக்க விடமாட்டார். ஒருநாள் தூண்டிலைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போனேன். ஆறு மாதம், வாரம் மூன்று நாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மீன் கிடைத்த நாளில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசி எரிச்சலோடு வருவார். ஒன்றும் கிடைக்காத நாளில்தான் முகம் தெளிந்து வருவார்.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு சாக்கடை கலந்து கடற்கரையை அடிக்கடி மூடினார்கள். அந்த மாதங்களில் மாமா மறுபடி திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். இயற்கை மருந்து என்றால், மருந்துக்கடையை யார் சுத்தமாக வைத்திருப்பது என்கிற கேள்வியும் உண்டு.

வேப்பிலை_வைத்தியம் | 6 மே 2024, காலை 5.58

நான் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். ஆங்கில மாத்திரை எல்லாம் மூளையை மழுங்கடிக்கும் விஷம். அதிகாலையில் வெறுங்காலோடு புல்லில் 40 நிமிடம் நின்றால் மனநோய் எதுவும் அண்டாது. அம்மணி, மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்.

நைட்டூட்டி_நர்ஸ் | 6 மே 2024, காலை 7.22

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், இந்தப் பேச்சு ஆளைக் கொல்லும்.

என் சொந்தத் தம்பி இதே மாதிரி ஒருவர் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தினான். காலையில் தவறாமல் நடந்தான். நடந்துகொண்டேதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான், அதுவும் போலீஸ் வண்டியில். இப்போது மாத்திரையும் எடுக்கிறான், தோட்டத்திலும் வேலை செய்கிறான், நன்றாக இருக்கிறான். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யார் சொன்னது?

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்கிற மனநல மருத்துவர் 2006-இல் ஒன்று தொடங்கினார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவர் 14 பாட்டிமாரைப் பயிற்றுவித்து, ஹராரேயில் கிளினிக் வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வெளியே, திறந்த இடத்தில், மரநிழலில். வருபவர்கள் பேசுவார்கள், பாட்டி கேட்பார். ஷோனா மொழியில் மனச்சோர்வுக்குக் "குஃபுங்கிசிசா" என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று அர்த்தம். "ரொம்ப யோசிக்காதே" என்று நம் வீட்டில் சொல்வதேதான்! 2016-இல் 573 பேரை வைத்துச் செய்த சோதனையில், பெஞ்சுக்குப் போனவர்கள் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள்.

அங்கே குணப்படுத்தியது மரமா, பாட்டியா? பாட்டிதான். முறையாகப் பயிற்சி பெற்ற பாட்டி. ஆனால் நாலு சுவருக்குள் வாய் திறக்காதவர்கள்கூட வெளியே உட்கார்ந்தால் பேசிவிடுகிறார்கள், அதை என் வேலையில் தினமும் பார்க்கிறேன். நோயாளி ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வராந்தா வரை தள்ளிப்போனால் போதும், உள்ளே மூன்று நாளாகச் சொல்லாததைச் சொல்வார்.

இழைக்_காவலர் | 6 மே 2024, காலை 8.05

மருந்தை நிறுத்தச் சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும். வைத்தியம் ஐயா, இது முதல் எச்சரிக்கை. யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் வந்தால் இங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் அமைப்பின் உதவி எண்ணை அழையுங்கள்.

ஹடெடா பற்றிய சண்டைக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். அங்கே போங்கள்.

மூர்ட்டன்_மல்லி | 12 மே 2024, இரவு 9.20

ஒரு வாரம் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் எல்லாவற்றையும் படித்தேன். நன்றி.

இன்று அன்னையர் தினம். வீட்டில் இருக்க முடியவில்லை. மகள் ஜோபர்க்கில். தனியாகக் காட்டுக்குப் போகப் பயம், அதனால் டர்பன் தாவரத் தோட்டத்துக்குப் போனேன். 1849-இல் தொடங்கியது, ஆப்பிரிக்காவில் இன்னும் உயிரோடிருக்கும் தாவரத் தோட்டங்களில் இதுதான் பழையது. நுழைவுக் கட்டணம் கிடையாது, காவலாளி உண்டு, ஆட்கள் நடமாட்டம் உண்டு. இன்று கொஞ்சம் அதிகமாகவே. எல்லோரும் அம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். அதை யோசிக்காமல் போய்விட்டேன்.

கூட்டத்தை விட்டு விலகி நடந்தபோது ஒரு சைக்கட் மரத்தின் முன்னால் வந்து நின்றேன். பார்த்தால் பனைக்கும் ஈச்சைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதன் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மெட்லி வுட் என்பவர் 1895-இல் ஒங்கோயே காட்டில் இந்த இனத்தைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு கூட்டம், அத்தனையும் ஆண். பெண் மரம் இன்றுவரை எங்கேயும் கிடைக்கவில்லை. உலகத்தில் இருக்கும் எல்லா வுட் சைக்கட்டும் அந்த ஒன்றின் பக்கக்கன்றுகள்தான். நூறு வருடத்துக்கு மேல் தனியாக நிற்கிறது.

அங்கே உட்கார்ந்து அழுதேன். நன்றாக, சத்தமாக. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தோட்டக்காரர் தூரத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தவர், என் பக்கம் வராமல் வேறு பக்கம் கூட்டப் போனார். அந்த மரியாதை எனக்குப் பெரிதாக இருந்தது.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. இரவு தூங்குவேனா தெரியாது. ஆனால் அழுகை முடிந்த பிறகு ஒரு மைனா என் பையைக் கொத்திப் பார்த்ததைக் கால் மணி நேரமாவது பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் மணியில் நான் எதையும் யோசிக்கவில்லை. எட்டு மாதத்தில் அது முதல் தடவை.

மடும்பித்_தாத்தா | 13 மே 2024, காலை 10.30

மைனாவும் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவைதான் மகளே. இங்கே வந்து ஊன்றிக்கொண்டது. இப்போது எல்லோரும் தொல்லை என்கிறார்கள்.

லெனேசியா_மூன்றாம்மாடி | 13 மே 2024, பிற்பகல் 1.12

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குக் காடும் இல்லை, கடலும் இல்லை, பின்முற்றமும் இல்லை. மாமியார் படுக்கையில், அவரை விட்டு அரைமணி நேரம் நகர முடியாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். என் போன்றவர்களுக்கு என்ன?

நைட்டூட்டி_நர்ஸ் | 13 மே 2024, மாலை 5.45

அக்கா, உங்கள் சுவரைப் பற்றியே ஓர் ஆய்வு இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை செய்த 46 பேர். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரிந்தது, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். ரோஜர் உல்ரிச் என்பவர் பழைய பதிவேடுகளைப் புரட்டி 1984-இல் எழுதினார். மரம் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் கேட்டார்கள். எங்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கைக்கு ஏன் போட்டி என்று இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

சுவரை நகர்த்த முடியாது. ஜன்னல் விளிம்பில் இரண்டு தொட்டி வைக்க முடியும். மாமியார் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள், தண்ணீர் ஊற்றும் வேலையை அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். இரண்டு பேருக்கும் ஆயிற்று.

வலைக்காரர்_பேரன் | 13 மே 2024, இரவு 7.30

மூன்றாம் மாடி அக்கா, புதினா வையுங்கள். கொல்ல முயன்றாலும் சாகாது.

இதோடு இன்னொன்று. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலவற்றில் குப்பையை அள்ளி, புல் போட்டு, நாலு மரம் நட்டு, தாழ்வான வேலி போட்டார்கள். சிலவற்றை அப்படியே விட்டார்கள். பச்சையாக்கிய மனைக்குப் பக்கத்தில் இருந்தவர்களில், மனசு சோர்ந்திருக்கிறது என்று சொன்னவர்கள் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். 2018-இல் வெளிவந்தது. பெரிய காடு இல்லை, பூங்காகூட இல்லை, புல்தரை!

எங்கள் கோயிலுக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு மனை. பழைய மெத்தை, டயர், உடைந்த கழிப்பறைப் பீங்கான். கமிட்டியில் மூன்று தடவை பேசினேன். கோபுரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் அவசரம் என்றார்கள். கோபுரத்தையும் அந்த டயரையும் ஒரே இடத்தில் நின்றுதான் கும்பிட வேண்டியிருக்கிறது.

பீனிக்ஸ்காரன் | 14 மே 2024, காலை 6.15

மல்லி அக்கா, அந்த மைனா விஷயத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் உண்டு.

சரி. சில்வர்கிளெனுக்கு ஒரு பத்துப் பேர் சேர்ந்து போவதாக இருந்தால் நானும் வருகிறேன். பத்துக்குக் குறைந்தால் வரமாட்டேன். பக்கி (பின்னால் திறந்த சின்ன லாரி) என்னுடையது, நாற்காலி ஏற்றலாம்.

கூட்டமாக நடப்பது பழக வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை நார்த் பீச் பார்க்ரன் இருக்கிறது என்று என் மனைவி எழுதச் சொல்கிறாள். இலவசம், ஐந்து கிலோமீட்டர், ஓட வேண்டாம், நடந்தால் போதும். நூற்றுக்கணக்கான பேர் வருவதால் பயமில்லை. 2011-இல் இந்த நாட்டுக்கு வந்தது. அவள் இரண்டு வருடமாகப் போகிறாள், நான் காரில் உட்கார்ந்திருப்பேன்.

மூர்ட்டன்_மல்லி | 14 மே 2024, மாலை 4.40

19-ஆம் தேதி ஞாயிறு, காலை எட்டு மணி, சில்வர்கிளென் வாசல். நான் புளிச்சோறு. வருபவர்கள் கையைத் தூக்குங்கள்.

மடும்பித்_தாத்தா | 14 மே 2024, மாலை 6.00

இரண்டு கை. பேரனுடையது ஒன்று. அவித்த மடும்பி கொண்டுவருகிறேன்.

மூர்ட்டன்_மல்லி | 20 மே 2024, அதிகாலை 5.35

பதின்மூன்று பேர் வந்தோம். நைட்டூட்டி நர்ஸ் டூட்டி முடித்து, தூங்காமல் மரிட்ஸ்பர்க்கிலிருந்தே வந்தார். நேரில் பார்த்தால் சின்னப் பெண்!

நெல்லைத் தம்பி தொலைவில் இருப்பதால் வரவில்லை. அவருக்காக விவரமாக எழுதுகிறேன். நுழைந்ததும் மூலிகைச் செடிகள் வளர்க்கும் இடம் இருக்கிறது. சங்கோமா என்கிற பாரம்பரிய வைத்தியர்களுக்குத் தேவையான செடிகளைக் காட்டில் போய்ப் பட்டை உரித்து அழிக்காமல், வளர்த்தே எடுக்கலாம் என்று நகராட்சி நடத்துவது. அப்புறம் புல்வெளி, அதற்கப்பால் காடு. ஓடைப் பக்கம் உம்டோனி மரங்கள். தாத்தா ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்து, "இது நம்ம நாவல் ஜாதி" என்றார். பலகையில் பார்த்தால் அதே குடும்பம்தான். பெயர் தெரிந்த பிறகு அந்த மரத்தை வேறு மாதிரிப் பார்த்தேன், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போல.

பீனிக்ஸ் தம்பி முதல் ஒரு மணி நேரம் பக்கியை விட்டு இறங்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அப்புறம் குரங்கு ஒன்று வந்து என் புளிச்சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் முதலில் ஓடினவர் யார் என்று கேட்டால் அவரே சொல்லட்டும்.

இன்னொன்று. உங்களிடம் சொல்லாமல் இருந்தேன். என் வீட்டுப் பின்முற்றத்தில் அம்மா வைத்த கறிவேப்பிலை மரம் இருக்கிறது. அம்மா போனதிலிருந்து பின்கதவை நான் திறக்கவில்லை. துணியை முன்வாசலில்தான் காயப்போடுகிறேன். கறிவேப்பிலையைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். தாத்தா மே 5-ஆம் தேதி "பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்" என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரோ என்று இருந்தது.

நேற்று வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுத் திறந்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. மரம் நன்றாக இருக்கிறது. யாரும் இலை பறிக்காததால் ஏகத்துக்கு வளர்ந்து சுவருக்கு மேல் போயிருக்கிறது. அடியில் வேரிலிருந்து கன்றுகள் முளைத்துத் தரை தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று.

இரவு பத்தரைக்குப் படுத்தேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. மறுபடி தூங்கி இப்போதுதான் எழுந்தேன்.

கன்றுகளைப் பிரித்துப் பால் டப்பாவில் வைக்கப் போகிறேன். யாருக்கு வேண்டும்?

லெனேசியா_மூன்றாம்மாடி | 20 மே 2024, காலை 6.50

எனக்கு ஒன்று. தொட்டியில் வருமா?

மூர்ட்டன்_மல்லி | 20 மே 2024, காலை 6.58

வரும். வெயில் படுகிற ஜன்னலாக வேண்டும். ஜூன் விடுமுறையில் ஜோபர்க் வருகிறேன், நானே கொண்டுவந்து தருகிறேன்.

வலைக்காரர்_பேரன் | 20 மே 2024, காலை 7.15

கோயில் பின்மனைக்கு ஆறு. கமிட்டியிடம் கேட்கப் போவதில்லை, முதலில் டயரை நகர்த்திவிட்டு நட்டுவிடுகிறேன்.

பீனிக்ஸ்காரன் | 20 மே 2024, காலை 7.31

இரண்டு. டப்பாவின் மூடி என்னிடம் இருக்கிறது. டப்பா இன்னும் அவனிடம்தான்.